ஆறு பக்கம் எழுதியும் ஏழு மதிப்பெண்: அரசியல் அறிவியலும் பொது நிர்வாகமும் படிக்கும் மாணவிக்கு

கேள்வி: அரசியல் அறிவியலும் பொது நிர்வாகமும் சேர்ந்த இளங்கலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிந்தனையாளர்களின் பெயர், ஆண்டு, கோட்பாடு எல்லாம் மனப்பாடம். ஆனால் 15 மதிப்பெண் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினாலும் ஏழைத் தாண்டுவதில்லை. “விவரிப்பு மட்டுமே, வாதம் இல்லை” என்று விடைத்தாளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பாடமும் ஒன்றையே திரும்பச் சொல்வதுபோல வேறு தோன்றுகிறது. தினமும் செய்தித்தாள் படித்தால் போதுமா? ஆய்வுக் கட்டுரைக்கு ‘ஊழல்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். அது சரியா? – ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

“வாதம் இல்லை” என்ற குறிப்பைப் பார்த்ததும், இன்னும் நிறைய எழுதச் சொல்கிறார்கள் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த தேர்வில் ஆறு பக்கம் எட்டாகிறது, மதிப்பெண் இருந்த இடத்திலேயே நிற்கிறது. திருத்துபவர் தேடுவது ‘ஏன்’ என்ற கேள்விக்கான பதிலை. அது இரண்டு பக்க விடையிலும் இருக்கலாம், பத்துப் பக்க விடையில் இல்லாமலும் போகலாம்.

‘மாக்ஸ் வெபரின் அதிகாரவர்க்க மாதிரியை விளக்குக’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான விடை எப்படி இருக்கும்? ஜெர்மன் சமூகவியலாளர் வெபர் 1864இல் பிறந்தார், 1920இல் இறந்தார். மரபுவழி, தனிமனித ஈர்ப்பு, சட்டவழி என அதிகாரம் மூன்று வகைப்படும். படிநிலை, எழுதப்பட்ட விதிகள், தகுதி அடிப்படையில் நியமனம், நிலையான சம்பளம், கோப்புமுறை என்று பத்து அம்சங்கள். கடைசியில் ‘குறைகள்’ என்று மூன்று வரி. இதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் பாடநூலைத் திறந்தாலே இவ்வளவும் கிடைத்துவிடுமே, நீங்கள் எதற்கு?

ஒவ்வொரு அம்சத்துக்கும் எதிரே இரண்டு கேள்வி போடுங்கள். இது இல்லாத இடத்தில் என்ன நடந்தது? இது அளவு மீறினால் என்ன நடக்கிறது? ‘நிலையான சம்பளம்’ என்பதையே பாருங்கள். 1789 புரட்சிக்கு முந்தைய பிரான்சில் அரசுப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. மறைமுக வரிகளை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. காசு போட்டுப் பதவி வாங்கியவர் அதைத் தன் சொத்தாகத்தான் நினைப்பார். போட்டதை மக்களிடமிருந்து எடுக்கத்தான் பார்ப்பார். சம்பளம் வாங்கும் அதிகாரிக்கோ மேசையும் முத்திரையும் கோப்பும் சொந்தமில்லை. பதவியை ஆளிடமிருந்து பிரித்ததுதான் அங்கே நடந்த பெரிய மாற்றம். இனி மறுபக்கம். கோப்பும் விதியும் அதிகாரியைக் கட்டுப்படுத்த வந்தவை. விதியை மீறாமல் இருந்தால் தனக்கு ஆபத்தில்லை என்று அதிகாரி பழகிவிட்டால், எதற்காக விதி வந்ததோ அது மறந்துபோய், விதியைக் காப்பதே வேலையாகிவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940இல் எழுதிய விமர்சனத்தின் சாரம் இதுதான்.

இப்படி எழுதும்போது ‘குறைகள்’ என்று தனித் தலைப்பே தேவைப்படாது. எந்த அம்சம் ஒரு தீமையைத் தடுத்ததோ அதே அம்சம் வேறொரு தீமையைக் கொண்டுவருகிறது என்று காட்டிவிட்டீர்கள். வாதம் என்று கேட்டது இதைத்தான். பத்து அம்சங்களில் நான்கை இப்படி எழுதினால் போதும். மீதி ஆறை ஒரே வாக்கியத்தில் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம்.

மனப்பாடம் வீண் என்று சொல்லவில்லை. ஆண்டுகள் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அவை தனித்தனி மணிகளாகக் கிடக்கின்றன, நூலில் கோக்க வேண்டும். ‘1887இல் உட்ரோ வில்சன் அரசியலையும் நிர்வாகத்தையும் பிரித்தார்’ என்ற வரியை மட்டும் படித்தால் அதில் உயிரே இல்லை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான அவர் இதை எழுதிய காலத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் ஆட்சி மாறினால் அஞ்சலகப் பதவிவரை வென்ற கட்சிக்காரருக்குப் போகும் வழக்கம் இருந்தது. 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவன், பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன். அதன் அதிர்ச்சியில் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, சில பதவிகளுக்காவது தேர்வு கட்டாயமானது. நான்கு ஆண்டு கழித்து வில்சன், நிர்வாகத்தைக் கட்சி அரசியலின் பிடியிலிருந்து விலக்கித் தனியாகப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறார். இந்தப் பின்னணி தெரிந்தால், ‘அரசியலையும் நிர்வாகத்தையும் பிரிக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை எழுத மாட்டீர்கள். எழுத்தர் நியமனத்தில் பிரிக்கலாம். எந்தப் பகுதிக்கு முதலில் குடிநீர்க் குழாய் போடுவது என்ற முடிவில் பிரிப்பது மிகக் கடினம்.

அடுத்த கண்ணியை ஒரு கணக்கோடு பார்ப்போம். 1937இல் அமெரிக்க நிர்வாக அறிஞர் லூதர் குலிக், நிர்வாகத் தலைவரின் வேலையைத் திட்டமிடல், அமைத்தல், ஆள் அமர்த்தல், இயக்குதல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், நிதி ஒதுக்கல் என்று ஏழாகப் பிரித்தார். இந்த ஏழின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகளைச் சேர்த்து நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் ‘போஸ்ட்கார்ப்’ (POSDCORB) இதுதான். ஒரு மேலாளரின் கீழ் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பது அக்காலத்தில் செல்லுபடியான விதி. படிநிலைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டும் நல்ல புத்திமதியாகத்தான் தெரிகிறது, இல்லையா? காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஓர் அலுவலகத்தில் 64 பணியாளர்கள். ஒருவருக்குக் கீழே 4 பேர் என்றால் மேலாளர்கள் 16, அவர்களுக்கு மேல் 4, அதற்கும் மேல் 1. மொத்தம் 21 மேலாளர்கள், 3 அடுக்கு. ஒருவருக்குக் கீழே 8 பேர் என்றால் 8 மேலாளர்கள், மேலே 1. மொத்தம் 9 பேர், 2 அடுக்கு. மேற்பார்வையை நெருக்கினால் அடுக்கு கூடும். அடுக்கைக் குறைத்தால் மேற்பார்வை தளரும். இரண்டு விதியையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை. இன்னோர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1946இல் இவற்றைப் பழமொழிகள் என்று சொன்னதன் பொருள் இதுதான்: பழமொழிகளில் எதிரும் புதிருமாக இரண்டு கிடைக்கும், எதை எப்போது எடுப்பது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

இந்தக் கணக்கு விடைத்தாளில் ஐந்து வரிதான் பிடிக்கும். சைமன் குலிக்கை விமர்சித்தார் என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட அந்த ஐந்து வரிக்கு மதிப்பு அதிகம். அங்கிருந்து, அமெரிக்காவில் பொது நிர்வாக ஆய்வாளர்கள் கூடிய 1968ஆம் ஆண்டின் மின்னோபுரூக் மாநாட்டுக்குப் போனால், வியட்நாம் போரும் இனப் பாகுபாடும் கொதித்துக்கொண்டிருந்த வேளையில் இளம் ஆய்வாளர்கள் ‘திறமையாகச் செய்தோம் சரி, யாருக்காகச் செய்தோம்?’ என்று கேட்டது ஏன் என்பதும் விளங்கும். குறிப்பேட்டில் ஒரு சிந்தனையாளருக்கு அரைப்பக்கம் போதும்: எந்தச் சிக்கலைப் பார்த்தார், என்ன பதில் சொன்னார், யார் எந்த இடத்தில் மறுத்தார், அந்தச் சிக்கலை இன்று எங்கே காணலாம். நான்காவது வரியை மட்டும் நீங்களே எழுத வேண்டும், எந்த நூலிலிருந்தும் எடுக்கக் கூடாது.

இரண்டு பாடமும் ஒன்றுபோல் தோன்றுகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், கேள்வி வேறு. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று அரசியல் அறிவியல் கேட்கிறது. முடிவெடுத்த மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்று பொது நிர்வாகம் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது அவர்களின் உரிமையா, அரசின் இரக்கமா என்பது அரசியல் கோட்பாடு. எந்தச் சட்டமன்றத்துக்கு அதை இயற்றும் அதிகாரம் உண்டு என்பது அரசியலமைப்பு. எத்தனை விழுக்காடு குறைபாடு இருந்தால் தகுதி, யார் சான்று தருவது, சான்று தரும் மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதெல்லாம் பொது நிர்வாகம். சட்டத்தில் தகுதி பெற்ற ஒருவர், மருத்துவர் வராத நாளில் தகுதி இழந்துவிடுகிறார். எதிரே நிற்பவரின் விண்ணப்பத்தை ஏற்கவோ திருப்பவோ செய்யும் கடைநிலைப் பணியாளரின் தீர்ப்புத்தான் மக்களுக்குத் தெரியும் அரசு என்று 1980இல் அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி வாதிட்டது இந்த இடத்தைப் பற்றித்தான்.

செயலாக்கம் ஏன் சறுக்குகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு திட்டம் 10 மேசைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒப்புதல் கிடைக்க 100க்கு 90 வாய்ப்பு. யாரும் கெட்டவரில்லை, எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள். இருந்தும் பத்தையும் தடையின்றித் தாண்டும் வாய்ப்பு, 0.9ஐப் பத்து முறை பெருக்கினால், 100க்கு 35தான். ஏழாவது மேசையிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் தேங்கியதை ஆராய்ந்து பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973இல் இந்த வகைக் கணக்கைத்தான் முன்வைத்தார்கள். இதைப் பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கை. ஒரு மேசையின் முடிவு இன்னொன்றைப் பாதிக்காது என்பது கணக்கின் அனுமானம். முதல் அதிகாரி ஒப்பினால் மற்றவர்களும் ஒப்பும் அலுவலகத்தில் எண் மாறிவிடும். மற்றொன்று, மேசைகளை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று அவசரப்படாதீர்கள். அவற்றில் ஒன்று பொதுப் பணத்தைக் காக்கும் தணிக்கையாக இருக்கலாம்.

தமிழில் படிப்பவர்கள், தமிழில் யோசித்து எழுதுபவர்கள் எல்லாரும் மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றாடப் பேச்சில் ஒரே சொல் இந்தத் துறையின் இரண்டு மூன்று கருத்துகளைச் சுமக்கிறது. ‘கொள்கை’ என்ற சொல்லை எடுங்கள். கட்சியின் கொள்கை என்றால் சித்தாந்தம். கல்விக் கொள்கை என்றால் அரசு எடுத்த செயல்முடிவு. ‘மனித உறவுக் கொள்கை’ என்றால் கோட்பாடு. ஒரே பத்தியில் மூன்றும் வந்தால் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று திருத்துபவருக்கே தெரியாது. கோட்பாட்டைக் கோட்பாடு என்றே எழுதுங்கள், அரசு முடிவை மட்டும் கொள்கை என்று வையுங்கள். ‘அதிகாரம்’ அதைவிடச் சிக்கல். துப்பாக்கி காட்டிப் பணிய வைப்பவரிடம் இருப்பது வல்லமை. போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் நாம் நிற்கிறோமே, அவரிடம் இருப்பது ஏற்கப்பட்ட அதிகாரம். வெபரின் மூன்று வகையும் இரண்டாவதைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை முதல் பத்தியில் எழுதாத வெபர் விடை தொடக்கத்திலேயே தடம் புரள்கிறது. ‘அரசு’ நிலையானது, ‘அரசாங்கம்’ தேர்தலில் மாறுவது. ‘பொறுப்பு’ என்பது ஒப்படைத்த வேலை, ‘பொறுப்புடைமை’ என்பது அந்த வேலைக்கு யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது. இப்படி ஒரு இருபது சொல் தேறும். குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் எழுதிவையுங்கள்.

ஒப்பீட்டுக் கேள்விகளில் நேரும் பிழை இன்னொரு மாதிரி. ‘நாடாளுமன்ற முறையையும் அதிபர் முறையையும் ஒப்பிடுக’ என்றால், பிரிட்டன் மூன்று பக்கம், அமெரிக்கா மூன்று பக்கம் என்று எழுதிவிட்டு ‘இவ்வாறு இரண்டும் வேறுபடுகின்றன’ என்று முடிப்பார்கள். இரண்டு வர்ணனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடாகிவிடாது. அளவுகோலை முதலில் சொல்லுங்கள்: ஆட்சித் தலைவரைப் பதவிக்காலம் முடியும்முன் அரசியல் காரணத்துக்காக அவை நீக்க முடியுமா? முடியும் என்றால் நாடாளுமன்ற முறை. முடியாது, குற்றச்சாட்டு நிரூபணமாக வேண்டும் என்றால் அதிபர் முறை. அந்த ஒரே கோட்டில் இரண்டையும் நிறுத்தி, பிறகு பிரான்சைக் கொண்டுவாருங்கள். 1958 அரசியலமைப்பின்படி அங்கே பிரதமரை அவை கவிழ்க்கலாம், குடியரசுத் தலைவரைக் கவிழ்க்க முடியாது. கோடு எங்கே மங்குகிறது என்று காட்டிவிட்டீர்கள், விடை தானாக நிமிர்ந்து நிற்கும்.

செய்தித்தாள் போதாது. தேவை, ஆனால் போதாது. செய்தி அறிவிப்போடு நின்றுவிடும், உங்கள் பாடமோ அறிவிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாரம் ஒரு செய்தி எடுத்து அதன் மூல ஆவணத்தைத் தேடுங்கள்: சட்டம், அரசாணை, நிதிநிலை அறிக்கை, தணிக்கை அறிக்கை, தீர்ப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. சட்டம் என்றால் வரையறைப் பிரிவிலிருந்து ஆரம்பியுங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது அங்கேதான் முடிவாகிறது. பிறகு ‘செய்ய வேண்டும்’ என்று வரும் இடங்களையும் ‘செய்யலாம்’ என்று வரும் இடங்களையும் வேறு வேறு நிறத்தில் கோடிடுங்கள். முதலாவது கடமை, இரண்டாவது அதிகாரியின் விருப்புரிமை. விதிகள் வகுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது பெரும்பாலும் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். நிதிநிலை அறிக்கையில் ஒரே ஒரு துறையின் ஒரே ஒரு தலைப்பை எடுங்கள். அறிவித்த மதிப்பீடு, ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவான தொகை ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். உண்மைச் செலவு பிந்தைய ஆண்டு அறிக்கைகளில்தான் வரும். அதைத் தேடாமல், ஒரே அறிக்கையில் கிடக்கும் வெவ்வேறு ஆண்டு எண்களை ஒப்பிட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தேர்வறையில் 15 மதிப்பெண் விடைக்கு 30 நிமிடம் கிடைத்தால் முதல் 4 நிமிடம் எழுதாதீர்கள். கேள்வியின் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். ‘விளக்குக’ வேறு, ‘மதிப்பிடுக’ வேறு. மதிப்பிடச் சொன்னால் உங்கள் முடிவு முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும், கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்கத் தேவையில்லை. பிறகு மூன்று நான்கு பத்தி, ஒவ்வொன்றும் ஒரு காரணம், அதற்கொரு சான்று. ஒரு பத்தியாவது உங்கள் முடிவுக்கு எதிரான வலுவான கருத்துக்கு ஒதுக்கி, அது எதுவரை சரி என்று சொல்லுங்கள். எதிர்க்கருத்தைப் பலவீனமாக்கி எழுதித் தட்டிவிடுவது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மேற்கோள் மறந்துபோனால் மேற்கோள் குறி போடாமல் கருத்தை மட்டும் எழுதுங்கள்.

இனி ‘ஊழல்’. அந்தத் தலைப்பை மாற்றிவிடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. அது ஒரு கடல். அதோடு யாரிடம் போய் என்ன கேட்பீர்கள்? ‘லஞ்சம் கொடுத்தீர்களா?’ என்று முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்டால் உண்மையும் வராது, பதில் சொல்பவருக்குச் சங்கடமும் ஆபத்தும் மிச்சமாகும். உங்களுக்குள் இருக்கும் அக்கறையை அளக்கக்கூடிய ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள். ஓர் அலுவலகம், ஒரு சேவை, ஒரு குறிப்பிட்ட காலம். ‘பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் எத்தனை படிகளைக் கடக்கிறது, எந்தப் படியில் அதிக நாள் நிற்கிறது?’ என்பது நல்ல இளங்கலை ஆய்வு. விதியில் எழுதப்பட்ட படிகளை முதலில் வரைந்துகொள்ளுங்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். இருபது முப்பது விண்ணப்பதாரர்களிடம் தேதிகளை மட்டும் கேளுங்கள்: என்று கொடுத்தீர்கள், என்று திருப்பினார்கள், என்ன குறை சொன்னார்கள், எத்தனை முறை வந்தீர்கள். பெயரை எழுதிக்கொள்ளாமல் எண் கொடுங்கள்.

எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பதில்தான் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் கோணலாகின்றன. அலுவலக வாசலில் வரிசையில் நிற்பவர்களை மட்டும் கேட்டால் தாமதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். முதல் நாளே வேலை முடிந்தவர் திரும்ப வருவதில்லை, ஐந்து முறை அலைபவர் உங்கள் கண்ணில் ஐந்து முறை படுவார். அதனால் வேலை முடிந்து சான்றிதழோடு வெளியே வருபவர்களிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பதிவேட்டில் தொடர்ந்து வரும் 50 விண்ணப்பங்களின் தேதிகளைப் பெயரில்லாமல் குறித்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். சராசரியோடு இடைநிலை எண்ணையும், அதாவது நாள்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும், கொடுங்கள். 200 நாள் கிடந்த ஒரே ஒரு விண்ணப்பம் சராசரியை எங்கேயோ கொண்டுபோய்விடும். தாமதம் ஒரே படியில் குவிந்தால், அந்தப் படியை ஆளும் விதியை எடுத்துப் படியுங்கள். ‘செய்யலாம்’ என்ற சொல் அங்கே இருக்கிறதா, காலவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா, மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கட்டுரையின் மூன்றாவது அத்தியாயம் அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.